சுண்டக் காய்ச்சின தண்ணி

அந்தப் பையை மேல வெக்க வேண்டாங்க தம்பி. இங்க குடுங்க, மடியிலயே வெச்சுக்கறேன். இவன் ஓட்டற ஓட்டுக்கு மேல வெச்சா உருண்டு வந்துரும். உள்ள பாட்டல் இருக்குது. தண்ணிதான். இல்லீங்க, குடிக்கற தண்ணி இல்ல. தாகமா இருந்தா சென்னிமலையில வண்டி நிக்கும், வாங்கிக்கலாம். இதைக் குடிக்க ஆகாது.

எங்க போறீங்க, கோபியா? நானும் கோபிதான். அப்ப நீங்க சன்னலோரம் உக்காருங்க, எனக்கு இந்தப் பக்கந்தான் பழக்கம். காலம் பூரா பஸ்ஸுல நின்னுட்டே போனவன் நானு. கவருமெண்டு வண்டியில கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆயிட்டேன். மாரப்பன்னு பேரு. இந்த ரூட்டுல ரொம்ப நாள் ஓடியிருக்கேன். இப்ப இருக்கற பசங்க விசில் ஊதறதே சரியில்ல. பாருங்க, அந்தம்மா இன்னும் காலை வெக்கல, அதுக்குள்ள ஊதிட்டான்.

பாட்டலைப் பாக்கறீங்களா? பாருங்க. வெளிச்சத்துல தூக்கிப் பாருங்க. பச்சையா இருக்குதுங்களா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க, எங்கண்ணுல மட்டும் தெரியுதான்னு எனக்கே ஒரு சந்தேகம். தெரியுதுல்ல? அது போதும். என்ற மக கோகிலா கோபியிலதான் இருக்கறா. அவகிட்டக் காட்டத்தான் எடுத்துட்டுப் போறேன். நான் வர்றது அவளுக்குத் தெரியாது. சொன்னா வர வேண்டாம்னு சொல்லிப் போடுவா.

அது எங்க தோட்டத்துக் கெணத்துத் தண்ணிங்க. அந்தத் தண்ணியப் பத்தி எங்கூர்ப் பக்கம் வந்து கேளுங்க. பருப்பு பஞ்சாட்ட வேகும். சுத்துப்பட்டுல கல்யாணம் காச்சின்னா வண்டி கட்டிட்டு வந்து எங்க கெணத்துலதான் மோந்துட்டுப் போவாங்க. என்ற சம்சாரம் உசுரோட இருக்கறப்ப யாரையும் வேண்டாம்னு சொன்னதில்ல. அவ போயி இப்ப கொஞ்ச வருசமாச்சு. கோகிலா அப்ப காலேஜி.

அவ கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது. மாப்பிள்ளை நல்ல பையன், பேங்குல வேலை. ஆனா கல்யாணத்தன்னிக்கே சம்மந்தியம்மா பேச்சுவாக்குல ஒண்ணு சொல்லிப் போட்டாங்க. "அம்மா இல்லாத புள்ளை, தலப்பெரசவம் நாங்களே பாத்துக்கறோம், உங்களுக்கு எதுக்குச் சிரமம்"னாங்க. நல்ல மனசுலதான் சொன்னாங்க. எனக்குத்தான் சுருக்குன்னு ஆயிப்போச்சு. தலப்பெரசவம் பொறந்த ஊட்டுலதான பாக்கோணும்? அம்மா இல்லீன்னா பொறந்த ஊடே இல்லீன்னு ஆயிருமா? ஏனுங்க, நான் இல்லையா? அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், எம்மவளுக்கு ஒரு கொறையும் வரக்கூடாதுன்னு.

மொதல்ல ஊட்டைச் சரி பண்ணுனேன். எங்க பழைய கக்கூசு தோட்டத்துக் கடைசியில கெடந்துச்சு. வயித்துப் புள்ளைக்காரி மழையில அம்புட்டு தூரம் போக முடியுங்களா? ரூமை ஒட்டியே புது பாத்ரூம் கட்டுனேன். டைல்ஸ் ஒட்டி, சுடுதண்ணிக் கொழாய் வெச்சு, வழுக்காம இருக்கச் சொரசொரப்புக் கல்லாப் பாத்துப் போட்டு. டவுன்ல கூட அப்படி இருக்காது. கொத்தனாரு செப்டிக் டேங்குக்குக் குழி வெட்டோணும்னு நின்னாரு. எங்க காட்டுல ஆள் உசரம் தோண்டுனா சுக்கான் கல்லு, அதுக்குக் கீழ பூராப் பாறை. குழி வெட்டறதுன்னா வெடி வெக்கோணும். அப்பத்தான் எனக்கு ஒரு ரோசனை வந்துச்சு.

ஊட்டுக்குப் பொறத்தால ஒரு பெயிலான போர் இருந்துச்சுங்க, தண்ணி வராத ஆழ்துளைக் கெணறு. கல்யாணத்துக்கு முந்தி வந்த பஞ்சத்துல போட்டது. அதை ஓட்டுனப்பக் கூட ஒரு அதிசயம் நடந்துது. போர் வண்டி இங்க கொடையுது, அங்க எங்க கெணத்துல தண்ணி குமிழி குமிழியாக் கெளம்புது. வண்டிக்காரன் வந்து எட்டிப் பாத்துட்டு, கீழ பாறையில எங்கயோ வெடிப்பு ஓடுதாட்ட இருக்குது, நம்ம காத்துத்தான் அங்க வருதுன்னான். நான் நல்ல சகுனம்னு சூடம் பத்த வெச்சேன். கடசில பாத்தா போர்ல புழுதியும் ஈரமுந்தான். மோட்டார் எறக்க ஆகாதுன்னுட்டாங்க. அத்தனை ஆழத்துக்கு ஒரு ஓட்டை சும்மாதான கெடக்குது? பாத்ரூம் கொழாயைக் கொண்டு போயி அதுக்குள்ள உட்டுட்டேன்.

கொத்தனாரு வாயப் பொளந்துட்டாரு. குழி வேண்டாம், டேங்கு வேண்டாம், லாரிக்காரனைக் கூப்பிட்டு உறிஞ்ச வேண்டாம். கெணத்துக்குத் தெக்கால, தள்ளித்தான் இருக்குது, அதையெல்லாம் யோசிக்காமச் செய்யற ஆள் இல்ல நானு. மேல கல்லு வெச்சு, சிமெண்டு பூசி, அதும் மேல அடுக்குச் செம்பருத்தித் தொட்டி வெச்சாச்சு. அது பாட்டுக்கு நல்லா இழுக்குதுன்னு சொல்லி மாட்டுச்சாளை கழுவற தண்ணியையும் அதுக்கே திருப்பி உட்டேன். எங்க ஊட்டுல ஒரு சொட்டுச் சாக்கடை வெளிய ஓடாது. வந்தவங்க எல்லாம் கேப்பாங்க, எப்படீங்க இவ்வளவு சுத்தமா வெச்சிருக்கீங்கன்னு.

ஒம்பதாம் மாசம் வளைகாப்புப் போட்டு மகளைக் கூட்டிட்டு வந்தேன். பையன் பொறந்தான். பத்தியச் சோறு ஆக்கறது, பூண்டுக் கொழம்பு வெக்கறது எல்லாம் பக்கத்துத் தோட்டத்தம்மாகிட்டக் கேட்டுப் படிச்சுக்கிட்டேன். புள்ளைக்குத் தண்ணி ஊத்தி உடறதுக்கு மட்டும் ஒரு அம்மா வந்துட்டுப் போகும். மத்ததெல்லாம் நான்தான். கோகிலா படுத்துட்டே சொல்லுவா, "அப்பா, அம்மா இருந்திருந்தாக் கூட இத்தனை பண்ணியிருக்க மாட்டாங்க"ன்னு. அந்த வார்த்தை கேட்டப்ப என்ற வாழ்க்கையில இதுக்கு மேல எதுவும் வேண்டாம்னு இருந்துச்சு. அப்படிச் சொன்ன புள்ளைதான்.

அவளுக்குப் பால் பத்தல. டாக்டரம்மா பவுடர் எழுதிக் குடுத்தாங்க, தண்ணியக் காய்ச்சி ஆற வெச்சுக் கலக்கிக் குடுங்கன்னாங்க. மத்தவங்களாட்டம் ஒரு கொதி வந்ததும் எறக்கற சோலியே எங்கிட்டக் கெடையாது. பால் வெக்கறதுக்குன்னே தனிப் பாத்திரம். அதை அடுப்புல ஏத்தி, பாதிக்குப் பாதி சுண்டற வரைக்கும் பக்கத்துலயே நிப்பேன். அதுல என்ன கிருமி இருந்தாலும் செத்துத்தான தீரோணும்? கோகிலாவே சிரிப்பா, கசாயம் காச்சறீங்களாப்பான்னு.

ரெண்டாம் மாசம் ஒரு நாள் காத்தால புள்ளையைத் தொட்டில்ல இருந்து தூக்கறேன், ஒதடு ஒரு மாதிரியா இருக்குது. குளிராட்ட இருக்குதுன்னு துணியைச் சுத்துனேன். கோகிலா வந்து வெளிச்சத்துல வெச்சுப் பாத்தா. ஒதடு, நகம், உள்ளங்காலு எல்லாம் நீலம். அழவே இல்லீங்க. அழுதிருந்தாக் கூடப் பரவாயில்ல. வாயத் தொறக்குது, சத்தம் வரல. கார் புடிச்சு கோயமுத்தூர் போய்ச் சேர்றதுக்குள்ள நான் கும்புடாத சாமி இல்ல. எத்தனையோ அவசரத்துக்கு டிரைவரைச் சத்தம் போட்டு வண்டியை ஓட்ட வெச்சவன் நானு. அன்னிக்கு வாயே வரல. கையக் கட்டிட்டு உக்காந்திருந்தேன்.

அங்க ரத்தம் எடுத்தாங்க. ரத்தம் காப்பித் தண்ணியாட்டம் இருந்துச்சு. அப்பறம் நீல மருந்து ஒண்ணு ஏத்துனாங்க. நீலமாப் போன புள்ளைக்கு நீல மருந்தான்னு எனக்குப் பதறுது. ஆனா கண்ணு முன்னாடியே நெறம் திரும்பிருச்சு. பொழைச்சுக்கிட்டான். அதுக்கு அப்பறந்தான் பெரிய டாக்டர் எங்களைக் கூப்பிட்டு உக்கார வெச்சாரு. எந்தத் தண்ணியில பால் கலக்குனீங்கன்னு கேட்டாரு. நான் பெருமையாத்தான் சொன்னேன், கெணத்துத் தண்ணிங்க, பாதிக்குப் பாதி சுண்டக் காய்ச்சித்தான் குடுத்தேன்னு.

அவரு கொஞ்ச நேரம் எம்மூஞ்சியப் பாத்தாரு. இது கிருமி இல்லீங்க ஐயா, சாக்கடை, சாணி, கோழி எரு இதுகள்ல இருந்து எறங்கற ஒரு உப்பு, காய்ச்சுனாச் சாகாது, தண்ணிதான் ஆவியாப் போகும், உப்பு அப்படியே நிக்கும், சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும்னாரு. வையவும் இல்ல, ஒண்ணும் இல்ல. மெதுவாத்தான் சொன்னாரு. கோகிலா அப்பத் திரும்பி என்னைப் பாத்தா. தம்பி, அந்தப் பார்வையை நான் எங்க கொண்டு போய் வெக்கறதுங்க? சோறு திங்க உக்காந்தா அது வந்து நிக்குது. அங்கிருந்தே அவளும் புள்ளையும் மாப்பிள்ளை ஊட்டுக்குப் போயிட்டாங்க. எங்கூட்டுல தொட்டில் இன்னும் கட்டுன மேனிக்குத் தொங்குது.

சென்னிமலை வந்துருச்சு. தண்ணி வாங்க எறங்கறீங்களா? சரி, உக்காருங்க.

டாக்டர் வாயில கோழி எருன்னு வந்துச்சு பாருங்க, அப்பவே எனக்குப் புடிபட்டுப் போச்சு. எங்க கெணத்துக்கு வடக்கால திருமூர்த்தின்னு ஒருத்தன் கோழிப்பண்ணை வெச்சிருக்கான். எருவையெல்லாம் குழியில கொட்டி வெச்சிருப்பான். அவன்தான். வேற யாரு? நேராப் போயிக் கேட்டேன். "அண்ணா, பண்ணை வெச்சுப் பத்து வருசமாச்சு, இத்தனை நாள் உங்க தண்ணி நல்லாத்தான இருந்துச்சு"ங்கறான். பாருங்க, எத்தனை நைச்சியம்னு. பத்து வருசம் சும்மா இருந்துட்டு, எம்மவ பெரசவத்துக்கு வந்த சமயம் பாத்து எறக்கியிருக்கான்.

நான் உட்ருவனா? மனு மேல மனுவாக் குடுத்தேன். கடசியில நெலத்தடித் தண்ணி ஆபீசுல இருந்து ஒரு அம்மிணி வந்துச்சு. பெனாசிர்னு பேரு. சின்ன வயசு, வெயில்னு பாக்காம காடு பூராச் சுத்துச்சு, அதைக் கொறை சொல்லக் கூடாது. தண்ணியைச் சோதிச்சுப் பாத்து, டாக்டர் சொன்ன அதே உப்பு எக்கச்சக்கமா இருக்குதுன்னுச்சு. திருமூர்த்தி குழியைப் பாத்துட்டு மட்டும் தலையை ஆட்டுச்சு. அவன் பக்கம் களிமண்ணு கனமா இருக்குதுங்க ஐயா, மண்ணுக்குள்ள தண்ணி பையத்தான் எறங்கும், மாசக்கணக்காகும், வர்ற வழியிலயே மண்ணு பாதியப் புடிச்சு வெச்சுக்கும்னுச்சு. அதே தண்ணி பாறை வெடிப்புல நேராப் புகுந்துட்டா அப்படி இல்லையாம். வடிகட்டறதுக்கு அங்க எதுவும் இல்லையாம், கொழாயில ஓடறாப்பல ஓடி வந்துருமாம்.

அப்பறம் எங்கிட்டக் கேட்டுச்சு, உங்க தோட்டத்துல வேற குழி, தூர்ந்த போர் ஏதாச்சும் இருக்குதுங்களான்னு. இல்லீங்கன்னுட்டேன். குழின்னா தொறந்து கெடக்கோணும். மூடி, பூசி, மேல பூவே பூக்குது. அதைப் போயி யாராச்சும் குழீம்பாங்களா?

நான் புடிச்ச புடியில நின்னேன். திருமூர்த்தி குழியில இருந்து வருதா இல்லையான்னு கண்ணுக்குத் தெரியறாப்பல காட்டுங்கன்னேன். அதுக்கு ஒரு சாயப் பவுடர் இருக்குதாம். முந்தாநாள் கொண்டு வந்துச்சு. குங்குமக் கணக்கா இருக்குது, தண்ணியில போட்டா கண்ணைப் பறிக்கற பச்சை. மனுசனுக்கு ஒண்ணும் பண்ணாதாம். அந்தக் குழியில ஊத்துனா, தண்ணி எங்கெங்க போகுதோ அங்கெல்லாம் பச்சை தெரியும். எனக்கு அவங்க மேலயும் முழு நம்பிக்கை இல்ல, பொய்யாக் கலக்கிக் கணக்குக் காட்டிட்டுப் போயிட்டா? அதனால எம்பக்கெட்டுத்தான், நான்தான் கலக்குவேன்னு நின்னேன். நானே கலக்கி, நானே தூக்கிட்டுப் போயி ஊத்துனேன். வேட்டி, சட்டை, கையி எல்லாம் சாயமாயிப் போச்சு. அந்த அம்மிணி போறப்ப ஒண்ணு மட்டும் கண்டிசனாச் சொல்லுச்சு, கெணத்துகிட்டக் கழுவிராதீங்க ஐயா, அப்பறம் கணக்கே தப்பாயிரும்னு.

எனக்குத் தெரியாதுங்களா? கெணத்துப் பக்கமே நான் எட்டிப் பாக்கல. நேரா ஊட்டுக்குள்ள போயி, புது பாத்ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு, வேட்டி சட்டை, பக்கெட்டு எல்லாத்தையும் வெளுக்கற வரைக்கும் அலசி அலசி ஊத்துனேன். தலைக்கும் ஊத்திக்கிட்டேன். நாளைக்கு ஒருத்தன் நான்தான் கெணத்துல கலந்தேன்னு சொல்லீரக் கூடாது பாருங்க.

நேத்துக் காத்தால போயிக் கெணத்தை எட்டிப் பாக்கறேன், பச்சை. தெக்குப் பக்கம் பாறை இடுக்குல இருந்து இழை இழையா வந்து கலக்குது. மாசக்கணக்காகும்னுச்சே, ஒரே ராத்திரியில வந்துருச்சுங்க. அங்கயே உக்காந்து அழுதுட்டேன். சந்தோசமா துக்கமான்னு எனக்கே தெரியல. நான் இல்லீங்கறது தெரிஞ்சு போச்சுல்ல? எம்புள்ளைக்கு வெசத்தை நான் குடுக்கல.

அந்த அம்மிணிக்குப் போன் போட்டேன். அது சந்தோசப்படும்னு பாத்தா, "தெக்குப் பக்கமா? திருமூர்த்தி குழி வடக்காலதான இருக்குது"ங்குது. தண்ணிக்குத் தெக்கென்ன வடக்கென்ன? அப்பறம் கேக்குது, "ஐயா, அந்தப் பக்கெட்டை எங்க கழுவுனீங்க?" பாத்ரூம்லன்னேன். "அந்தத் தண்ணி எங்க போகுது?" எங்க போகும், கீழ போகும்னேன். "கீழன்னா எதுக்குள்ளீங்க?" எனக்குக் கோவம் வந்துருச்சு. நான் திருமூர்த்தியைக் கேக்கச் சொன்னா அது என்ற பாத்ரூமைக் கேக்குது. ஒரு சொட்டு வெளிய வராது, நீ வந்து பாத்துக்கோன்னேன். அப்பறம், பாத்ரூமைப் பூட்டிருங்க ஐயா, சாளை கழுவறதையும் நிறுத்துங்க, நாளைக்கே வர்றேன்னுச்சு. தாழ்ந்த குரல்லதான் சொல்லுச்சு, பயந்த மாதிரி. திருமூர்த்தி எதையோ குடுத்துச் சரிக்கட்டிட்டான்னு எனக்குத் தோணுது. அந்த பாத்ரூமைப் போய்ப் பூட்டுவனா நானு? அதை யாருக்காகக் கட்டுனேன்?

இதா, போன் அடிக்குது பாருங்க. அந்த அம்மிணிதான். ஊட்டு வாசல்ல வந்து நின்னுட்டுக் கூப்புடுதாட்ட இருக்குது. நிக்கட்டும். எடுத்தா மறுபடியும் அதையேதான் கேக்கும்.

எனக்கு இப்ப ஒரே ஒரு பயந்தான். கோகிலா கதவைத் தொறப்பாளா? போன் எடுக்க மாட்டீங்கறா. கடசியா எடுத்தப்ப, "தண்ணியை நீங்கதானப்பா குடுத்தீங்க"ன்னா. அவ்வளவுதான், வெச்சுட்டா. அன்னில இருந்து எனக்கு எதுலயும் புடிப்பில்ல. பூமிக்குள்ள நடக்கறதை நான் என்னன்னு போய்ப் பாக்கறது? மேல நடக்கறதுன்னா சண்டை போடலாம், மறிச்சு நிக்கலாம். காலுக்குக் கீழ ஒண்ணு ஓடி வந்து என்ற பேரனைத் தொட்டுட்டுப் போயிருக்குது, நான் அடுப்படியில நின்னு அதைக் காய்ச்சிக்கிட்டிருந்திருக்கேன். இந்தக் கையாலதான் பால் பாட்டல்ல ஊத்துனேன். இந்த வயசுல இதுக்கு மேல எனக்கு என்ன பண்றதுன்னு தெரியலீங்க.

அதுக்குத்தான் இந்தத் தண்ணி. இதைப் பாத்தா அவளுக்குப் புரியும். திருமூர்த்தி குழியை மூட வெச்சுட்டாக் கெணறு தன்னால தெளிஞ்சுரும். புள்ளைய எடுத்துட்டு வந்து ஒரு மாசமாச்சும் இருக்கட்டும். ரூமு அப்படியே வெச்சிருக்கேன். பாத்ரூமைத் தெனமும் கழுவி உடறேன், எந்நேரம் வந்தாலும் சுத்தமா இருக்கோணும்ல. இன்னிக்குக் காத்தால கூட, கெளம்பறதுக்கு முன்னாடி சாளையும் கழுவி, பாத்ரூம்ல பக்கெட்டுப் பக்கெட்டாத் தண்ணி ஊத்தித் தேய்ச்சுட்டுத்தான் வந்தேன்.

அதுல ஒரு அருமை என்னன்னா தம்பி, எத்தனை ஊத்துனாலும் தேங்கறதே இல்ல. முந்தாநாள் அத்தனை சாயத்தை அலசி ஊத்துனனே, ஒரு திட்டு நிக்கோணுமே? நான் நின்னு பாத்துட்டே இருந்தேன். சொய்யுன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான், இருந்த எடம் தெரியாமப் போயிருச்சு.

கோபி வந்துருச்சுங்க. அந்தப் பாட்டலைக் குடுங்க, மூடி எறுக்கமா இருக்குதான்னு பாத்துக்கறேன்.